ரோலர் கோஸ்டரும் என் ஷாக் பெட்டியும்

"மச்சி, உனக்குள்ளயே ஷாக் மெஷின் இருக்கே, நீ எதுக்குடா ரோலர் கோஸ்டருக்குப் பயப்படுறே?" ஆபீஸ்ல டீம் அவுட்டிங் பேச்சு வந்தாலே எவனாவது இதைக் கேட்டுடுவான். நியாயமான கேள்விதான். பதிலைப் பதிவாவே போட்டுடறேன் மக்கா.

எனக்கு இதயத் தசை தடிச்சிருக்கு. பிறவியிலேயே வர்ற சமாச்சாரம். 26 வயசுல ஒருநாள் மயங்கி விழுந்தப்புறம் இடது காலர் எலும்புக்குக் கீழே ஒரு ஐசிடி வெச்சாங்க. பேஸ்மேக்கர் மெதுவாத் துடிக்கிற இதயத்தைத் தட்டி எழுப்பும். ஐசிடி தாறுமாறா ஓடுற இதயத்தை ஷாக் அடிச்சு நிறுத்தும். 1980-ல பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலதான் முதல்முதலா ஒரு மனுஷருக்கு இதைப் பொருத்தினாங்க.

இப்போ ரைடுக்கு வருவோம். பெட்டி ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கிட்டே இருக்கும். என்னோடதுல எல்லை நிமிஷத்துக்கு 200. ஜெர்மனியில 2007-ல வெளியான ஒரு ஆய்வுல, ஆரோக்கியமான 55 பேரை ரோலர் கோஸ்டர்ல ஏத்திப் பார்த்தாங்க. சராசரி துடிப்பு 91-லேர்ந்து 153-க்கு எகிறிடுச்சு. நல்ல இதயத்துக்கே அந்தக் கதி. என்னுது எல்லையைத் தாண்டினா, பெட்டி அதைப் பயம்னு புரிஞ்சுக்காம ஆபத்துன்னு நெனச்சு அடிச்சாலும் அடிக்கும். நம்ம பாஷையில ஃபால்ஸ் பாசிட்டிவ். வாங்கினவங்க எல்லாம் குதிரை நெஞ்சுல உதைச்ச மாதிரின்னுதான் சொல்றாங்க.

அடுத்தது தோள்ல இறங்குற இரும்புப் பிடி. அது சரியா பெட்டி மேலயே அழுத்தும். உள்ளே போற வயருக்கும் நல்லதில்லை. மூணாவது காந்தம். சக்திவாய்ந்த காந்தம் ரொம்பப் பக்கத்துல வந்தா ஐசிடி ஷாக் அடிக்கிறதையே நிறுத்தி வெச்சிடும். சில ரைடுகள்ல வண்டியைத் தள்ளுறதும் பிரேக் போடுறதும் காந்தம்தான்.

ஆனா எங்க டாக்டரம்மா சொன்னது இதைவிட எளிமை: "பெட்டி நோயைக் குணப்படுத்தலப்பா. உள்ளே இருக்குறது அதே இதயம்தான்." கேட்ச் பிளாக் எழுதிட்டோம்கிறதுக்காக வேணும்னே எக்ஸெப்ஷன் கிளப்புவோமா என்ன? :-)

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. பெட்டி எதுக்காக வெச்சது, என்ன ரைடு, இதெல்லாம் பார்த்து அவங்கவங்க டாக்டர்தான் சொல்லணும். எனக்கு ராட்டினத்துக்கு மட்டும் அனுமதி.

அக்கா பையனுக்கு 10 வயசு. போன லீவுல பிடதி வொண்டர்லா போயிருந்தோம். வரிசைக்கு முன்னாடி இதய நோயாளிகள் ஏறக்கூடாதுங்கிற போர்டைப் படிச்சுட்டு, "மாமா, அப்போ நான் ஏறலாமா?"ன்னு கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இது குடும்பத்துல வர்ற நோய்னு வீட்ல பேசிக்கிட்டதை அவன் கேட்டிருக்கான் போல. எனக்குத் தெரிஞ்சப்போவே அக்காவுக்கும் அவனுக்கும் எக்கோ எடுத்தோம். ரெண்டும் நார்மல். சில வருஷத்துக்கு ஒருதரம் திரும்ப எடுக்கணும், அவ்வளவுதான்.

அவன் கையைப் பிடிச்சு பெட்டி மேல வெச்சுக் காட்டினேன். "இது மாமாவுக்கு மட்டும்டா. உன் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தாச்சு, டாக்டர் ஓகே சொல்லிட்டாங்க. நீ போய் நல்லாக் கத்து."

போனான், கத்தினான். கீழே அவன் செருப்பையும் அக்கா ஹேண்ட்பேகையும் பிடிச்சுக்கிட்டு நின்ன நான் வாட்சைப் பார்த்தேன். துடிப்பு 128.