ஆறு ஒயரும் அப்பாவின் வலது காலும்

– மூன்றாமாண்டு மாணவி, மின்னணுவியல் துறை

பொட்டென்ஷியோமீட்டரை லேபில் நாம் எல்லோரும் திருகியிருக்கிறோம். மூன்று கால், ஒரு தண்டு, மீட்டரில் ஏறி இறங்கும் வோல்டேஜ். ரெக்கார்டில் கிராப் போட்டுக் கையெழுத்து வாங்கினால் கதை முடிந்தது. அதே 'பாட்'டை வைத்து வீட்டில் கார் ரேஸ் விளையாட்டுக்கு ஆக்சிலேட்டரும் பிரேக்கும் செய்ததைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பா நாமக்கல்லில் லாரி டிரைவர். 26 வருஷம் ஓட்டினவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். 2 வருஷத்துக்கு முன் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வலது காலுக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் கிளட்ச் இல்லாத வண்டி வேண்டும். அது வீடியோ கேமில்தானே இருக்கிறது!

இது ஒன்றும் புதுச் சங்கதியில்லை. 1974-ல் அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி வெளியிட்ட 'கிரான் டிராக் 10' என்ற காசு போட்டு ஆடும் மெஷினிலேயே ஸ்டியரிங், கியர், இரண்டு பெடல் எல்லாம் இருந்தன. இன்று அந்த மாதிரி மெஷினை வீட்டிலேயே கட்டுகிறவர்கள் பல நாடுகளில் உண்டு. கடையில் ரெடிமேடாக வாங்கலாம்தான். எங்கள் வீட்டு நிலவரத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

வேலை சுலபம். 10 கிலோ ஓம் லீனியர் பாட் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஓரக் கால் 5 வோல்ட்டுக்கு, மறு ஓரம் கிரவுண்டுக்கு, நடுக்கால் ஆர்டுயினோ லியனார்டோ போர்டின் ஏ0-வுக்கும் ஏ1-க்கும். மொத்தம் ஆறே ஒயர். ஸ்டியரிங்குக்கு இதே மாதிரி மூன்றாவது பாட் ஏ2-வில். யூஎஸ்பியில் மாட்டினால், அதற்கான புரோகிராம் ஏற்றிய அந்த போர்டைக் கம்ப்யூட்டர் ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக்கொள்ளும். 0 முதல் 5 வோல்ட் வரை 1024 படிகளாகப் பிரிப்பதால் ஒரு படிக்கு ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். மிதிக்கும்போது எண் குறைந்தால் ஓரத்து இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டால் போதும்.

சிரமம் ஒயரில் இல்லை, இரும்பில்! பெடல் கொஞ்ச தூரம்தான் நகரும். பாட்டோ முக்கால் சுற்றுக்கு மேல் திரும்பும். எனக்குக் கிடைத்தது 190-லிருந்து 620 வரைதான். அதைப் புரோகிராமில் முழு அளவுக்கு விரித்துக்கொண்டேன். பெடல் நிற்பதற்குத் தனியாக இரும்புத் தடுப்பும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்கிற பாரம் முழுக்க பாட்டின் தண்டில் இறங்கி அது உடைந்துவிடும்.

இரண்டு பெடலையும் கம்ப்யூட்டருக்குச் சொல்ல இரண்டு வழி உண்டு. பழைய கேம்களுக்காக இரண்டையும் ஒரே அச்சில் சேர்ப்பார்கள்; ஆக்சிலேட்டர் எண்ணைக் கூட்டும், பிரேக் குறைக்கும். இன்னொன்று, இரண்டும் தனித்தனி. இரண்டு படத்தையும் அப்பாவிடம் காட்டினேன்.

"ஏங்கண்ணு, மொதப் படத்துல ரெண்டையும் ஒண்ணா மிதிச்சா?"

"ஒண்ணை ஒண்ணு அடிச்சிருமுங்கப்பா. யாருமே மிதிக்காத மாதிரி வண்டி நெனச்சுக்கும்."

"அப்ப அது ஆகாது. திம்பத்துல 27 வளைவு. லோடோட மேட்டுல நின்னுட்டா பாதத்துல பாதி பிரேக்குல, பாதி ஆக்சிலேட்டர்ல இருக்கோணும். இல்லாட்டி வண்டி பொறத்தால போயிரும்."

தனித்தனியாகவே போட்டேன். பாடப் புத்தகம் இரண்டு படத்தையும் சரி என்றுதான் சொல்லும்!

பிரேக்குக்கு ஸ்பிரிங் வைத்ததும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "ஆக்சிலேட்டர் மாதிரியே வழவழன்னு போகுது. பிரேக்குன்னா மிதிக்க மிதிக்க இறுகோணும்" என்றவர், கட்டைப்பைக்குள்ளிருந்து பழைய ரப்பர் புஷ் ஒன்றை எடுத்து பெடலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். பாட்டுக்குத் தூரம் மட்டும்தான் தெரியும், அழுத்தம் தெரியாது. ரப்பர் வந்த பிறகு இன்னும் கொஞ்சம் தூரம் போக இன்னும் பலமாக அழுத்த வேண்டியிருந்தது. விலை கூடிய செட்களில் இதற்கென்று லோட் செல் வைத்து அழுத்தத்தையே அளக்கிறார்கள். எங்களுடையது பஸ் பாடி பட்டறை ரப்பர்.

முதலில் கேம் போடவில்லை. எண்ணை மட்டும் திரையில் ஓடவிட்டேன். நான் பிரேக்கைப் பாதி அழுத்திப் பிடித்தால் 380, 430, 395 என்று குதித்தது. அப்பா மிதித்தார். 402, 403, 402. பேசிக்கொண்டே பிடித்திருந்தார், எண் அசையவில்லை! அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அதென்ன நம்பர், பாஸ் மார்க்கா?" என்றார்.

கேமில் அப்பா யாரையும் முந்தவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் எங்கே என்று தேடினார். தம்பிதான் பக்கத்தில் நின்று "போங்கப்பா, போங்கப்பா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை காலேஜுக்குக் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டார். "எடது காலுக்கும் ஒண்ணு போட்டுரு கண்ணு. டாக்டரு மடக்கி நீட்டச் சொல்லியிருக்காரு, சும்மா ஆட்டுறதுக்கு அலுப்பா இருக்குது."

போர்டில் ஏ3 காலியாகத்தான் இருக்கிறது. லேசான ஸ்பிரிங் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக்கல் நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.