கடைமடைக்கு எப்போ வரும்?

முக்கொம்புன்னா எங்க திருச்சி காலேஜ் பசங்களுக்கு கிளாஸ் கட் அடிச்சுட்டுப் போற இடம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம்னு புத்தகத்தில் படிச்சிருந்தாலும், ஞாபகத்தில் நிற்கிறது பொரிச்ச மீன் வாசனைதான்!

ஆனா, 2025 ஆடிப்பெருக்குக்குப் போனது வேற மாதிரி. கூட வந்தவன் என் சித்தப்பா பையன். ஒன்பதாம் வகுப்பு. வீல்சேரில்.

அவனுக்கு ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோஃபி. சுருக்கமா எஸ்.எம்.ஏ. தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் மோட்டார் நியூரான்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும் பரம்பரை நோய். சித்தப்பாவும் சித்தியும் நல்லாத்தான் இருக்காங்க. ஆளுக்கு ஒரு பழுதான எஸ்.எம்.என்.1 மரபணு. ரெண்டும் இவன்கிட்ட வந்து சேர்ந்துடுச்சு.

ஷட்டரில் பாயும் தண்ணியைப் பார்த்துக்கிட்டிருந்தவன் திடீர்னு கேட்டான். "அக்கா, நீ பயோடெக்தானே? எலிக்கெல்லாம் இந்த நோய் சரியாயிடுச்சாமே. எனக்கு மட்டும் ஏன் ஆகல?"

திருதிருன்னு முழிச்சேன். அப்புறம் தண்ணியைப் பார்த்ததும் பதில் கிடைச்சுது.

"மேட்டூரில் திறந்தா உங்க ஊருக்கு உடனே வந்துடுமா?"

அவன் ஊர் நாகப்பட்டினம் பக்கம், கடைமடை. சிரிச்சான். "எங்கே... நாள் கணக்கா ஆகும். சில வருஷம் வரவே வராது."

"அதேதான்டா!"

எலியோட நரம்பு கொல்லைப்புற வாய்க்கால் மாதிரி, சில சென்டிமீட்டர்தான். நம்ம இடுப்பிலிருந்து பாதம் வரை போகும் நரம்பிழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர். மருந்தை எவ்வளவு கொடுக்கணும், தண்டுவட நீரில் ஊசி போட்டா எதுவரை பரவும்? எலியை மட்டும் வெச்சு இந்தக் கணக்கைப் போட முடியாது. அதனாலதான் பெரிய விலங்கு.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகக் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இது. பிறந்து ஐந்தே நாளான பன்றிக்குட்டிகளின் தண்டுவட நீரில், நோய் தராத வைரஸை வண்டியாக்கி, எஸ்.எம்.என். மரபணுவின் வேலையைக் குறைச்சாங்க. குட்டிகள் தளர்ந்துபோச்சு. சில குட்டிகளுக்கு அதே வழியில் நல்ல மரபணுவை அனுப்பினாங்க. நோய் தெரியும் முன்பே பெற்றவை தப்பிச்சுது. தளர்ந்த பிறகு பெற்றவை ஓரளவு தேறுச்சு.

இதுக்கெல்லாம் முதலில் மரபணு தெரியணும். எஸ்.எம்.ஏ-வுக்கு அது 1995-லேயே கிடைச்சுடுச்சு. 1970-ல் நம்ம ஊர் டாக்டர்கள் பதிவுசெஞ்ச, இளவயசிலேயே கை கால் மெலிஞ்சு காதும் கேட்காமப்போகும் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'க்கு இதுதான் மரபணுன்னு இன்னும் உறுதியாகல. அப்புறம் எந்தப் பன்றியை வெச்சு என்ன பண்றது?

"அந்தக் குட்டியெல்லாம் இப்ப எங்கக்கா?"

பொய் சொல்ல மனசு வரல. "தண்டுவடத்தை எடுத்துப் பார்த்தாதான் முடிவு தெரியும்டா. உயிரோட விடமாட்டாங்க."

ரொம்ப நேரம் பேசல. பிறகு மெதுவா, "அப்ப நான் லேட்டா?"

"லேட்டுதான். ஆனா, லேட்டான குட்டியும் கொஞ்சம் தேறுச்சுல்ல?"

2019-ல் அமெரிக்கா அனுமதிச்ச, நம்ம பேப்பர்களில் '16 கோடி ரூபாய் ஊசி'ன்னு வந்த மருந்தும் இதே வகை வைரஸில் போவதுதான். ஆனா, அது ரெண்டு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. 2025 நவம்பரில், அதே மரபணுவைத் தண்டுவட நீரில் செலுத்தும் ஊசிக்கு அங்கே அனுமதி கிடைச்சுது. ரெண்டு வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு!

அன்னைக்கு ராத்திரியே அவனிடமிருந்து போன்.

"அக்கா, மேட்டூரில் திறந்துட்டாங்க போல. கடைமடைக்கு எப்போ வரும்?"

இந்தக் கேள்விக்கு எந்த செமஸ்டரிலும் பதில் இல்லை ஃப்ரெண்ட்ஸ். வாய்க்கால் வெட்டுற வேலைக்கு நம்மில் நாலு பேராவது போகணும்.