படுவான்கரை வயல்களிலே

மட்டக்களப்பு வாவியைக் கடந்து, 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் வழியே படுவான்கரையை அடைந்தோம். மார்கழி மாதம், பெரும்போகப் பயிர் வரம்புக்கு வரம்பு பசுமை விரித்து நின்றது. ஆயினும் அப்பசுமை யாவும் நெல்லன்று. நெல்லின் உருவிலேயே நெற்சப்பியும் ஒளிந்திருந்தது.

முல்லைக்காரர் இரு பயிர்களைப் பிடுங்கிக் காட்டினார். "தம்பிமாரே, இலை தண்டோடு சேருமிடத்தைப் பாருங்கள். மெல்லிய சவ்வும் நுண்ணிய ரோமமும் இருந்தால் நெல்; ஒன்றுமில்லையேல் சப்பி."

கோரையையோ அதன் முக்கோணத் தண்டே காட்டிக்கொடுக்கும்.

வயலில் நீர் வற்றினால் சப்பி முளைக்கும். இரண்டங்குல நீர் நின்றால் பெரிதும் அடங்கும். எஞ்சியதைக் கதிர் முற்றுமுன் கையாற் களைதல் வேண்டும். பிந்தினால் ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளைச் சிந்திவிடும். கடன்பட்டு விதைத்த குடும்பத்தின் அடுத்த போகமும் அக்கைகளிலேயே தங்கியுள்ளது.