ஆமிஸ்: தொடைக்கறியும் ஒரு ரிக்‌ஷாக்காரரும்

மனுசனை மனுசன் தின்கிற படம் என்று பேச்செடுத்தால் திகில் பட ரசிகர்கள் கை காட்டுகிற படங்களில் ஒன்று இந்தோனேசியாவின் 'ருமா தாரா'. மோ பிரதர்ஸ் என்ற பெயரில் இரண்டு டைரக்டர்கள் சேர்ந்து எடுத்து 2009-ல் வந்தது. வழியில் உதவி கேட்ட ஒரு பெண்ணை அவள் வீட்டில் இறக்கிவிடப் போகிறது ஒரு நண்பர்கள் கூட்டம். அந்த வீட்டு அம்மா விருந்து வைக்கிறார். அதற்கப்புறம் ரத்தம், ரம்பம், அலறல்... கதை அவ்வளவுதான். அந்த அம்மாவாக வரும் ஷரீஃபா தானிஷ் குரலை உயர்த்தாமலே குலைநடுங்க வைப்பார். தென்கொரியாவில் புச்சோன் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதும் வாங்கினார். ஆனால் படம் முடிந்து அரை மணி நேரம் கழித்து, செத்துப்போன நண்பர்களில் இரண்டு பேரின் பெயரைச் சொல்லச் சொன்னால் யாராலும் முடியாது. அந்தப் படத்தின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

அதே விஷயத்தை ரம்பம் இல்லாமல் சொன்ன படம் ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. அசாமிய மொழியில் பாஸ்கர் ஹசாரிகா எடுத்த 'ஆமிஸ்'. 2019 ஏப்ரலில் நியூயார்க்கின் டிரைபெக்கா விழாவில் முதலில் காட்டினார்கள், நவம்பரில் இங்கே ரிலீஸ். தலைப்புக்கு அர்த்தம் இறைச்சி. 'நிராமிஷம்' என்று சைவச் சாப்பாட்டைச் சொல்கிறார்கள் இல்லையா, அதில் 'நிர்' போனால் மிச்சம் இருப்பது.

(கதை முழுசும் கீழே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்!)

குவாஹாட்டியில் நிர்மாலி என்று ஒரு குழந்தை டாக்டர். கல்யாணமானவர். கணவரும் டாக்டர்தான், சேவை, முகாம் என்று எப்போதும் வெளியூரில். சுமன் என்று ஒரு ஆராய்ச்சி மாணவன், வடகிழக்கு மாநில மக்களின் கறிச் சாப்பாட்டுப் பழக்கம்தான் அவனுடைய பி.எச்டி. கறி ஜாஸ்தியாகத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்ட நண்பனுக்காக டாக்டரைத் தேடி ஓடுகிறான். அவர் பீஸ் வாங்கவில்லை, உங்கள் கறியைக் கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுங்கள் என்கிறார். அதில் ஆரம்பிக்கிறது. கடையில் கிடைக்காத கறியாகத் தேடித் தேடி இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். காதல் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது, தொடக்கூடாது. விரல் நுனிகூடப் படாமல் பழகுகிறார்கள். தொட முடியாதவளுக்குத் தன் உடம்பைக் கொடுக்க சுமன் கண்டுபிடிக்கிற வழிதான் படம். கால்நடை டாக்டரான நண்பனிடம் சொல்லித் தன் தொடையிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சமைத்து, என்ன கறி என்று சொல்லாமலே அவளுக்குக் கொடுக்கிறான். உண்மை தெரிந்ததும் அவளுக்கு அருவருப்பு வருகிறது. ஆனால் அதைவிட வேகமாக ஆசை வந்துவிடுகிறது.

இங்கேதான் டைரக்டரின் சாமர்த்தியம். முதல் ஒரு மணி நேரம் இது பேய்ப்படம் என்று யாருக்கும் தோன்றாது. மீன், கீரை, மூங்கில், ஆவி பறக்கிற சட்டி என்று பார்க்கிறவர்களுக்கு எச்சில் ஊறும். அப்படி ஊற வைத்துவிட்டு, பிறகு அதே கேமராவை, அதே வெளிச்சத்தை, அதே அழகான தட்டை வைத்துக்கொண்டு தொடைக்கறியைக் காட்டுகிறார். தட்டு மாறவில்லை, நம் வயிறு மட்டும் புரட்டுகிறது. எந்தக் கறி சரி, எந்தக் கறி தப்பு என்று யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கரிசல் காட்டுக்காரர்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் முயல், கௌதாரி, காடை, வயல் எலி என்று ஒவ்வொன்றுக்கும் தின்கிறவர்களும் உண்டு, முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. முகச்சுளிப்பில் பாதி கறியைப் பார்த்து வருவதில்லை, தின்கிறவரின் சாதியைப் பார்த்து வருவது. அதை வசனமாகப் பேசாமல் ஒரு காதல் கதைக்குள் வைத்ததற்கு ஹசாரிகாவுக்கு ஒரு சல்யூட்.

இன்னொன்று, தமிழர்களுக்கு இந்தக் கதை ரொம்ப அந்நியமும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் சிறுத்தொண்டர் இருக்கிறார். பைரவ வேடத்தில் வந்த அடியார் கேட்டார் என்று பெற்ற பிள்ளை சீராளனையே கறி சமைத்தவர். திருச்செங்காட்டங்குடிக் கோயிலில் இன்றும் சித்திரையில் அமுது படையல் விழா நடக்கிறது. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. பிள்ளை யார், பேர் என்ன, யார் பிடித்தார்கள், யார் அரிந்தார்கள், தலைக்கறியை எடுத்துவைத்த தாதியின் பேர் என்ன என்பது வரை கதை சொல்லிவிடும். கடைசியில் வாசலில் நின்று பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் வைக்கும். பிள்ளையும் ஓடி வருவான்.

ஆமிஸ் சறுக்குவது சரியாக இந்த இடத்தில்தான்.

வெம்பக்கோட்டையில் ஒரு மொட்டை மாடியில் நாலு பி.காம் பையன்கள் லேப்டாப்பில் இந்தப் படத்தைப் பார்த்தார்கள். தொடை சீனில் ஒருத்தன் தண்ணி குடிக்கிற சாக்கில் கீழே இறங்கிப் போனான். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு கதை திரும்பியது. சுமனின் உடம்பில் இனி எடுக்க இடமில்லை, நிர்மாலிக்கு ஒரு துண்டு போதவில்லை. அவன் ஒரு ரிக்‌ஷாக்காரரைக் கொன்று கறி எடுக்கிறான், போலீஸ் பிடிக்கிறது. முகத்தை மூடிக் கூட்டி வந்து மீடியா முன்னால் நிறுத்துகிறார்கள். அங்கே முதல்முறையாக இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். படம் முடிந்தது. மூன்று பேர் "சூப்பர் கிளைமாக்ஸ்டா" என்று கை தட்டினார்கள். நாலாவது பையன் மட்டும், "மாப்ள, அந்த ரிக்‌ஷாக்காரர் பேர் என்னடா?" என்று கேட்டான்.

யாருக்கும் தெரியவில்லை. அவனுடைய அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர்.

அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இந்தப் படத்துக்கு மார்க் போட முடியாது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் பட்டாசு ஆலை விபத்துகளில் போனார்கள். மறுநாள் பேப்பரில் வந்தது எண்ணிக்கை. அடுத்த வாரம் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்து பார்க்கிறவனுக்கு, யாரோ இரண்டு பேரின் ஆசைக்கு ஒரு கூலிக்காரரின் உடம்பு கச்சாப்பொருளாகப் போவது காதல் கதையின் ஒரு திருப்பமாக மட்டும் தெரியாது. சுமன் தன் தொடையை அறுக்கும்போது மயக்க மருந்து, வலி, நண்பனின் தயக்கம் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டின கேமராவுக்கு, ரிக்‌ஷாக்காரரின் வீட்டை எட்டிப் பார்க்க ஒரு நிமிடம் இல்லை. சமூகம் ஏழையை அப்படித்தான் பார்க்கிறது, அதைத்தான் டைரக்டர் காட்டுகிறார் என்று வாதாடலாம். அந்த மாடியிலும் ஒருத்தன் அப்படித்தான் வாதாடினான். ஆனால் காட்டுகிறவரே அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அது விமர்சனமாக எப்படி ஆகும்? கடைசி ஷாட் நம்மைக் கேட்பது காதலர்களுக்காக மனசு உருக. அந்த உருக்கத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதைப் படம் மறைத்துவிடுகிறது. ருமா தாராவிலாவது கொல்பவர்களுக்காக யாரும் கண்ணீர் விடச் சொல்லவில்லை.

நாம் கிண்டல் செய்கிற தமிழ்ப் பேய்ப்படங்கள் இந்த ஒரு விஷயத்தில் மேல் என்று தோன்றுகிறது. 2011-ல் வந்த 'காஞ்சனா' மாதிரிப் படங்களின் பார்முலா எல்லோருக்கும் மனப்பாடம். முதல் பாதி காமெடி, இரண்டாம் பாதியில் பேய்க்கு ஒரு ப்ளாஷ்பேக். மொக்கைதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த ப்ளாஷ்பேக்கில் செத்தவருக்கு ஒரு பேர் இருக்கும், வீடு இருக்கும், ஆசை இருக்கும், யார் கொன்றார்கள் என்ற கணக்கும் இருக்கும். ஆமிஸைத் தமிழில் எடுத்திருந்தால் அந்த ரிக்‌ஷாக்காரர் இடைவேளைக்கு அப்புறம் திரும்பி வந்திருப்பார், இருபது நிமிடம் கதை சொல்லியிருப்பார், ஒரு பாட்டும் பாடியிருப்பார்! சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாலாவது பையனுக்குப் பதில் கிடைத்திருக்கும்.

மற்றபடி சின்னக் குறைகள்தான். நிர்மாலியின் கணவர் பாத்திரம் நல்லவர் வேஷம் போட்ட அட்டை. போலீஸ் வருகிற கடைசிப் பகுதி அவசர அவசரமாக ஓடுகிறது. நிர்மாலியாக நடித்த லிமா தாஸ் மட்டும் இதை எல்லாம் தூக்கி நிறுத்துகிறார். பசியை மறைக்கத் தெரியாமல் தட்டைப் பார்க்கிற அந்தப் பார்வை ஒன்றே போதும். ஹசாரிகாவின் முந்தைய படமான 'கதாநதி'யும் (2015) அசாமின் நாட்டுப்புறக் கதைகளை வைத்து எடுத்த திகில் படம்தான், தேசிய விருது வாங்கியது. இரண்டையும் பார்க்கலாம். ஆமிஸை மட்டும் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். தண்ணி குடிக்கக் கீழே இறங்கிப் போனவன் அன்று ராத்திரி வெறும் மோர்ச்சோறுதான் சாப்பிட்டான்.