சிஞ்ஞோராவிடம் இருக்கும் இசைத்தட்டு

நேப்பிள்ஸை விட்டுக் கிளம்பியபோது என் உடைமை எல்லாம் இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிட்டது, ஓர் இசைத்தட்டைத் தவிர. துணிகளுக்கு நடுவே திணித்தால் கீறல் விழும். டூரின்வரை மடியில் வைத்திருக்கப் பொறுமையில்லை. கீழ்வீட்டு அம்மாளிடம், எல்லோரும் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவரிடம், கொடுத்தேன். "அடுத்த வருஷம் வந்து எடுத்துக்கோ" என்றார். போகவேயில்லை.

அந்தத் தட்டு ஓசான்னா குழுவின் 'லுவோமோ', 1971. மனிதன் என்று அர்த்தம். வாசித்தவர்கள் நேப்பிள்ஸ்காரர்கள். முகத்தில் சாயம் பூசி, அங்கி மாட்டி மேடையேறியவர்கள். 1972இல் இத்தாலிக்கு வந்த ஆங்கில ராக் குழு ஜெனிசிஸுக்கு முன்னால் வாசித்திருக்கிறார்கள். ஜெனிசிஸின் பாடகர் பீட்டர் கேப்ரியேல் சாயம் பூசக் கற்றதே இவர்களிடம்தான் என்று எங்கள் தெருமுனைக் காபிக்கடையில் சத்தியம் செய்வார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை. காபி நல்ல காபி.

இத்தாலிய ப்ராக் (ப்ரோகிரஸிவ்) ராக் என்றதும் பலருக்கும் கீபோர்டு அடுக்குகள்தான் காதில் விழும். இந்தத் தட்டில் முன்னால் வந்து நிற்பது டானிலோ ருஸ்திச்சியின் கிட்டார். கம்பியை வளைத்து, வளைத்த இடத்திலேயே நடுங்கவிடும் முரட்டு ப்ளூஸ். எலியோ டான்னாவின் புல்லாங்குழல் அதோடு மல்லுக்கு நிற்கும். ஊதுகிறவரின் தொண்டை உறுமலும் சேர்ந்தே கேட்கும். பாட்டு இத்தாலிய மொழியில் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவும்.

இந்த ப்ளூஸ் எங்கிருந்து வந்தது என்றால் சிஞ்ஞோரா துறைமுகப் பக்கம் கையை நீட்டுவார். 1943இல் நேசநாட்டுப் படை நகருக்குள் நுழைந்தது. அமெரிக்கச் சிப்பாய்களோடு அவர்களுடைய பாட்டும் வந்தது. டான்னா முதலில் இருந்த ஷோமென் குழுவில் அவரோடு சாக்ஸபோன் வாசித்த ஜேம்ஸ் செனெசே, கறுப்பின அமெரிக்கச் சிப்பாய் ஒருவருக்கும் நேப்பிள்ஸ் பெண்ணுக்கும் பிறந்தவர்.

நேப்பிள்ஸில் என் அறை ஸ்பானியக் குடியிருப்பில், மூன்றாவது மாடி. புழுக்கத்துக்கு ஜன்னலைத் திறந்தே ஆகவேண்டும். சந்து அவ்வளவு குறுகல், எதிர்வீட்டு அம்மாள் ரொட்டிக்குக் கயிற்றில் கூடை இறக்கினால் என் ஜன்னலை உரசிக்கொண்டு போகும். கிட்டார் தனியாகப் பாய்கிற இடத்தில்தான் அவருக்குக் கூடை இறக்கத் தோன்றும். இறக்கிக்கொண்டே, "குறைடா சத்தத்தை!" என்று கத்துவார். குறைப்பேன். தலை உள்ளே போனதும் ஏற்றுவேன்.

2021இல் டானிலோ இறந்த செய்தி வந்ததும் சிஞ்ஞோராவுக்குப் போன் போட்டேன். தட்டு மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறதாம். அவரிடம் பிளேயர் கிடையாது.

டூரினில் காதில் மாட்டிக்கொண்டு போனில் கேட்கிறேன். முள் உரசும் இரைச்சல் இல்லை, ஸ்கூட்டர் ஹாரன் இல்லை, படுசுத்தம். அந்த இடம் வரும்போது மட்டும் விரல் தானாகவே சத்தத்தைக் குறைக்கிறது.