பெட்டி மாறிய இரவு

பழைய சர்வரின் நெற்றியில் பத்து ஆயுத பூஜைகளின் சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தது. மேலே இருப்பது மஞ்சள், அடியில் இருப்பது கறுப்பு. குங்குமம் பவர் பொத்தானின் இடுக்கில் இறங்கி உறைந்துவிட்டது. மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை. அதன் பில், சரக்கிருப்பு, வெளியூர்ப் பாக்கி எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். ஒரே கணக்கை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ஏற்பாடு. ஒரு டிஸ்க் போன வாரம் போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்று கடையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

டிஸ்க்கை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் பெட்டிக்கே வயதாகிவிட்டது. அதில் ஓடிய விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது.

“மாத்திருங்க தம்பி. ஆனா கடை ஒரு மணி நேரங்கூட நிக்கக் கூடாது” என்றார் கடை முதலாளி அண்ணாச்சி.

நாள் பார்த்தோம். அண்ணாச்சி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். கணக்குப்பிள்ளை ஜிஎஸ்டி தேதிகளைச் சொன்னார்: 11-ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று, அந்த இரண்டு பக்கமும் வரக் கூடாது. இரண்டு பேருக்கும் ஒத்துவந்த ஒரு சனிக்கிழமை இரவு கிடைத்தது.

நான் புதன்கிழமையே தொடங்கிவிட்டேன். கடை நடந்துகொண்டிருக்கும்போதே பழையதிலிருந்து புதியதற்கு முதல் நகல். விடிய விடிய ஓடியது. வெள்ளிக்கிழமை இரண்டாவது தடவை, இடையில் மாறியவை மட்டும். சனி இரவு எல்லோரும் டேலி என்ற கணக்கு நிரலை மூடிவிட்டுக் கிளம்பிய பிறகு மூன்றாவது. அது இருபது நிமிடத்தில் முடிந்தது. திறந்திருக்கும் கணக்கை நகலெடுத்தால் பாதி எழுதிய பக்கம்தான் வரும், அதை நம்பக் கூடாது. முதல் இரண்டு தடவையும் பாரத்தைக் குறைக்கத்தான். கடைசி நகல்தான் கணக்கு. இந்த வேலையை எத்தனையோ பேருக்கு எளிதாக்கிய ஆர்சிங்க் என்ற நிரலை ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்டார்கள். பெரிய கோப்பில் நாலு வரி மாறியிருந்தால் அந்த நாலு வரி உள்ள துண்டை மட்டும் அது அனுப்பும். நான் விண்டோஸில் பயன்படுத்தும் ரோபோகாப்பி, மாறிய கோப்பை முழுசாகவே அனுப்பும். மூலம் எது, போய்ச் சேரும் இடம் எது என்று வாய்விட்டுப் படித்த பிறகுதான் என்டரைத் தட்டுவேன். மிரர் கட்டளையில் அந்த இரண்டும் இடம் மாறினால், காலியான புதுப்பெட்டியைப் பார்த்துப் பழையதும் காலியாகிவிடும்.

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு நீலக் கேபிள். அதன் முனையில் பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் பாலாலயம் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். திருப்பணி தொடங்குவதற்கு முன்னால் மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றினார்கள். கலாகர்ஷணம் என்று பெயர். நூல் சுற்றிய செம்பு, வாயில் மாவிலை, மேலே மஞ்சள் பூசிய தேங்காய். குருக்கள் அதைத் தலையில் தாங்கிக் குடையின் கீழ் நடந்தார். முன்னால் நாயனம். முன்மண்டபத்தில் தட்டி கட்டிய சின்ன இடம். அங்கே அத்திப் பலகையில் எழுதிய சுவாமி. கும்பத்திலிருந்து சக்தியை அந்தப் பலகைக்கு இறக்கினார்கள். கருவறையைச் சாத்திவிட்டார்கள்.

ஆச்சியிடம் கேட்டேன்: “சாமி இப்ப உள்ள இல்லையா?” அவள் மூடிய கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, “இங்கன இருக்கு, கும்பிட்டுக்கோ” என்றாள்.

ஏறக்குறைய இரண்டு வருடம் திருப்பணி நடந்தது. சாரத்தில் ஆட்கள், கீழே சுண்ணாம்பு மூட்டை, விமானத்தில் சுதை வேலை. ஆனால் காலசந்தி மணி அதே நேரத்தில் அடித்தது. சாயரட்சைக்கு அதே சுண்டல். பூக்காரம்மா கொண்டுவந்த சரத்தின் நீளம்கூடக் குறையவில்லை. நேரே போய்க்கொண்டிருந்தவர்கள் இடப்பக்கம் திரும்பினார்கள், அவ்வளவே. கும்பாபிஷேகத்தன்று விடியற்காலையில் யாகசாலையிலிருந்து கருவறைவரை தர்ப்பைக் கயிறு ஓடியது. நாடி சந்தானம். அது அறுந்துவிடக் கூடாதே என்று நான் கால் தூக்கித் தூக்கி நடந்தேன். யாரும் அதைத் தாண்டாமல் ஒரு பெரியவர் கைநீட்டி மறித்துக்கொண்டே நின்றார். கோயிலுக்கு வயதாகும், பழுதாகும், பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது கை வைத்தே ஆகவேண்டும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, பூஜை நிற்காமல் அதைச் செய்ய ஒரு முறையும் வகுத்து வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

கீழமாசி வீதியில் பதினொரு கம்ப்யூட்டர்கள் பழைய பெட்டியை ஒரே எண்ணால்தான் அறியும்: 192.168.1.10. பையன்கள் அதை ‘இஸட் டிரைவ்’ என்பார்கள். பழையதன் கேபிளைப் பிடுங்கிவிட்டு அந்த எண்ணையும் பெயரையும் புதியதற்குக் கொடுத்தேன். ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள் ஒரே சமயத்தில் இருந்தால் இரண்டுமே தடுமாறும். டேலி உரிமத்தைப் பழையதில் முன்பே சரண்டர் செய்திருந்தேன், புதியதில் போட்டதும் ஏற்றுக்கொண்டது. ஞாயிறு காலை பதினொரு மேசையிலும் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு லெட்ஜரைத் திறந்து பார்த்தேன். குடோனில் மூட்டைக்குச் சீட்டு அடிக்கும் பிரிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. அதன் டிரைவர் பழைய பெட்டியில் இருந்தது, எந்தக் குறிப்பிலும் அது இல்லை. அந்த ஒன்றுக்கே மதியம் ஆகிவிட்டது.

பழைய பெட்டியை அண்ணாச்சி காயலான் கடைக்குப் போடச் சொன்னார். மறுத்துவிட்டேன். பல வருடம் முன்னால் வேறொரு கடையில் மாற்றிய மறுநாளே பழையதை அழித்துவிட்டேன். பதினைந்து நாள் கழித்து அங்கிருந்த வயதான கணக்குப்பிள்ளை வந்து, டெஸ்க்டாப்பில் தனியாக வைத்திருந்த பாக்கிப் பட்டியலைக் கேட்டார். கேட்டுப் பார்க்காமல் அழித்தது நான். அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார். நாற்பது வருடம் அந்த வேலையில் இருந்த கை, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

திங்கள் காலை புதுப்பெட்டிக்கு அண்ணாச்சியின் மனைவி சந்தனம் வைத்தார். ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு உசிலம்பட்டிக் கடைக்காரர் ஒருவருக்குத் துவரம்பருப்பு பில் போட்டார்கள். சனிக்கிழமை கடைசிப் பில் 4817. அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது 4818.

உங்கள் கடையில் பெட்டி மாற்றினால், பழையதை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.