பாரிஸில் சைவச் சாப்பாடும் யோகா வகுப்பும்

வெளிநாட்டுக்குப் போகும் வயதானவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் விசாவைப் பற்றியும் குளிர் உடையைப் பற்றியும்தான். பிரெஞ்சு வழியில் படித்தவன், அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்பதால் படிவத்தை என் கையில் கொடுத்து நிரப்பித் தரச் சொல்வார்கள். நிரப்பித் தருவேன். கிளம்பும்போது நான் ஒன்று கேட்பேன்: "அங்கே போய் என்ன சாப்பிடப் போகிறீர்கள்? உடம்பை எப்படி அசைக்கப் போகிறீர்கள்?" சிரிப்பார்கள். "பெண் வீட்டில் சமையல் இல்லாமலா போகும்?" என்பார்கள். சமையல் இருக்கும். ஆனால் அது மட்டும் போதாது என்பதை 2019-ல் நாங்கள் கண்கூடாகப் பார்த்தோம்.

அந்த வருடம் செப்டம்பர் முதல் வாரம் நானும் என் மனைவியும் பாரிஸுக்குப் போனோம். மகள் இருப்பது நகரின் வடக்கே சார்செல் பக்கம். நம் புதுச்சேரிக் குடும்பங்கள் நிறைய உள்ள இடம். மகளுக்கு இரண்டாவது பிரசவம், நவம்பர் நடுவில் என்று நாள் குறித்திருந்தார்கள். எங்கள் விசா 90 நாள். 1962-ல் என் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே எங்களுக்கு எப்போதுமே அந்த 90 நாள் கணக்குதான். அதற்குள் பிரசவம் பார்த்து, பத்தியச் சமையல் செய்து போட்டு, திரும்ப வேண்டும்.

மனைவிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. ஊரில் காலை வெறும் வயிற்றில் 130, 135 என்று கட்டுக்குள் இருந்தது. அதற்குக் காரணம் மாத்திரை மட்டும் அல்ல. விடியற்காலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் ஒரு நடை, பிறகு பெண்களோடு சேர்ந்து முக்கால் மணி நேர ஆசனம், வீட்டில் கேழ்வரகு, கீரை, பருப்பு. பாரிஸில் இவை எல்லாமே ஒரே நாளில் நின்று போயின. காலையில் பகெத் ரொட்டியும் ஜாமும், மதியம் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கும், ராத்திரி மறுபடி ரொட்டி. மகள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளை நிற்க வைத்துச் சமைக்கச் சொல்ல முடியுமா? வெளியே போக மனைவிக்குப் பாஷை தெரியாது, முழங்கால் வலி வேறு. லிஃப்டில் ஏறி இறங்குவதோடு சரி.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வெறும் வயிற்றில் 218. மகள் பயந்துவிட்டாள். "அம்மா, நீ ஊருக்குப் போயிடு. எனக்காக உடம்பைக் கெடுத்துக்காதே" என்று அழுதாள். மனைவி பதில் பேசவில்லை. அன்று இரவு என்னிடம், "என்னங்க, நான் போக மாட்டேன். வழி பாருங்க" என்றாள். அவ்வளவுதான். புதுச்சேரியில் எங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். மாத்திரையில் சிறு மாற்றம் சொன்னார். "சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் பழையபடி ஆக்குங்கள், ஒரு மாதம் பார்ப்போம்" என்றார்.

முதலில் சாப்பாடு. பிரான்சில் சைவம் என்று சொன்னால் புரியும், ஆனால் நாம் நினைக்கிற பொருளில் புரியாது. ஒரு நாள் கேர் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிற்றுண்டிக் கடையில் வெஜெதாரியன் என்று கேட்டு வாங்கிய பச்சடியில் பன்றி இறைச்சித் துணுக்குகள் கிடந்தன. லார்தோன் என்பார்கள். பரிமாறிய பையனிடம் காட்டினேன். "இறைச்சி இல்லையே ஐயா, லார்தோன்தானே" என்றான். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அவன் கணக்கில் இறைச்சி என்றால் தட்டு நடுவில் கிடக்கும் பெரிய துண்டு. அன்றிலிருந்து பிரித்துப் பிரித்துச் சொன்னேன்: "சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்தோன்." இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், லார்தோன் இல்லாமல். இதை ஒரு சீட்டில் எழுதி மனைவி கைப்பையில் வைத்தேன்.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் உண்டு. வெங்காய சூப் பேருக்குத்தான் வெங்காயம். அதன் சாறு பெரும்பாலும் மாட்டெலும்பில் இறக்கியது. புய்யோன் எதில் செய்தது என்று கேட்டுவிட வேண்டும். மெத்தென்ற பழ இனிப்புகளிலும் சில கொழுப்பு நீக்கிய தயிர்களிலும் ழெலாத்தீன் சேர்ப்பார்கள், அது எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. பாலாடைக் கட்டிகள் பலவற்றில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ப்ரேசூர். கொம்தே என்ற புகழ்பெற்ற கட்டி அப்படித்தான். முட்டையும் கூடாது என்றால் வெஜெதாரியன் போதாது. வெஜெதாலியன் என்று ஒரு சொல் இருக்கிறது; ஆனால் அதில் பாலும் தயிரும் போய்விடும். நமக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ளது வேண்டும். அதை வாயால் விளக்க வேண்டும்.

கடையில் வாங்கும் பொட்டலங்களில் ஒரு வசதி உண்டு. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைத் தடித்த எழுத்து போன்ற ஏதாவது ஒரு வகையில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். முட்டை, மீன், பால் மூன்றும் அதில் அடக்கம். 'எஃப்' என்று முட்டைக்கான சொல் தடித்து நின்றால் வைத்துவிடலாம். இறைச்சி அந்தப் பதினான்கில் இல்லை. அதை முழுதாகப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியை மறக்காதீர்கள்.

இனி நல்ல செய்தி. லா ஷப்பேல் பகுதிக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். ஃபோபூர் சேன் தெனி தெருவில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முருங்கைக்காய், வெண்டைக்காய், பாகற்காய், கீரை, கறிவேப்பிலை, கேழ்வரகு மாவு எல்லாம் கிடைத்தன. "அண்ணை, அம்மாவுக்குச் சுகர் எண்டால் குரக்கன் மா எடுங்கோ" என்று கடைக்காரத் தம்பி எடுத்துக் கொடுத்தார். அவர்கள் ஊரில் கேழ்வரகுக்குக் குரக்கன் என்று பெயர். சரவண பவன் கிளையும் அந்தத் தெருவில்தான். ஆனால் தினமும் ஓட்டலில் தோசை சாப்பிட்டால் சர்க்கரை குறையாது. மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டோம்.

பிரெஞ்சுக்காரர்களின் சொந்தச் சாப்பாட்டிலும் நமக்கு ஏற்றவை நிறைய உண்டு. லே புய் என்ற ஊர்ப் பக்கம் விளையும் பச்சைப் பருப்பு வேக வைத்தாலும் குழையாது. வெங்காயம், காரட் சேர்த்துச் சுண்டல் மாதிரி செய்யலாம். வேக வைத்த கொண்டைக்கடலை கண்ணாடிப் போத்தலில் கிடைக்கும், கழுவிவிட்டுத் தாளித்தால் போதும். பீட்ரூட்டை வேக வைத்தே விற்கிறார்கள். பகெத்துக்குப் பதில் முழுக் கோதுமை ரொட்டி. பிரெத்தாஞ் பகுதிக்காரர்கள் சராசேன் என்ற கருநிற மாவில் சுடும் கலெத் நம் தோசைக்குத் தங்கை மாதிரி. மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தைச் சுற்றி அந்தக் கடைகள் அதிகம், ஏனென்றால் பிரெத்தாஞ் ரயில்கள் அங்கிருந்துதான் புறப்படும். மாவில் முட்டை சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, உள்ளே காளானும் கீரையும் வைக்கச் சொல்லலாம். மரே பகுதியில் ரோசியே தெருவில் யூதர்கள் கடைகளில் ஃபலாஃபெல் கிடைக்கும், நம் மசால் வடையின் உறவு. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், பல கடைகள் மூடியிருக்கும். இயற்கை முறையில் விளைந்த காய்கறி வேண்டுவோருக்கு ஞாயிறு காலை ரஸ்பாய் பெருஞ்சாலையில் சந்தை கூடும். விலை கொஞ்சம் கடி.

அடுத்தது யோகா. பாரிஸில் தெருவுக்குத் தெரு யோகா நிலையம் இருக்கிறது. மாப்பிள்ளை கைபேசியில் ஒரு பட்டியலே எடுத்துக் கொடுத்தார். விசாரித்தால், ஒரு வகுப்புக்கே 20 யூரோவுக்கு மேல். சிலவற்றில் அறையை 40 டிகிரிக்குச் சூடாக்கி வியர்க்க வியர்க்கச் செய்கிறார்கள். இன்னும் சிலவற்றில் நிற்காமல் ஓட்டமாக ஆசனம். அறுபத்தாறு வயது முழங்காலுக்கு இது எதுவும் ஆகாது.

நான் மேரிக்குப் போனேன். நம் கடற்கரைச் சாலையில் 2014-ல் இடிந்து விழுந்து, பிறகு அதே மாதிரி கட்டினார்களே, அதே மேரிதான், நகராட்சி அலுவலகம். பிரான்சில் 1901-ம் வருடச் சட்டப்படி பதிவான சங்கங்கள் ஊர் ஊருக்கு உண்டு. யோகா, பாட்டு, தோட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சங்கம். செப்டம்பர் தொடக்கத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் மேசை போட்டு ஆள் சேர்ப்பார்கள். அது முடிந்துவிட்டிருந்தாலும் மேரியில் சங்கங்களின் முகவரிப் புத்தகம் இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் 'யோகா து' என்று போட்டிருந்ததைப் பிடித்தேன். மென்மையான யோகா என்று பொருள். வருடச் சந்தாதான் வழக்கம். நாங்கள் நிலைமையைச் சொன்னதும் மூன்று மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். முதல் வகுப்பு சோதனை வகுப்பு, காசு இல்லை. மருத்துவச் சான்று கேட்டார்கள்.

ஒன்றை விசாரிப்பது நல்லது. அங்கே யார் வேண்டுமானாலும் யோகா ஆசிரியர் என்று பலகை மாட்டலாம், அரசு உரிமம் கிடையாது. பழைய சங்கங்களில் நான்கு வருடம், 500 மணி நேரப் பயிற்சி முடித்தவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். "எத்தனை வருடம் படித்தீர்கள், யாரிடம்?" என்று மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். எங்களுக்குக் கிடைத்த அம்மையாருக்கு வயது 68. அவருடைய ஆசிரியர் சென்னைக்கு வந்து கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சாரிடம் கற்றவராம். பிரான்சுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1935-லேயே தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் இந்தியா வந்து கிருஷ்ணமாச்சாரியாரின் இதயத் துடிப்பைக் கருவி வைத்து அளந்து பார்த்தார்.

முதல் இரண்டு வகுப்பில் நான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். பிரெஞ்சுக்காரர்களுக்கு 'ஹ' வராது. ஹட யோகாவை 'அத்தா யோகா' என்றார் அம்மையார். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் தாடாசனம், விருட்சாசனம், சவாசனம் என்று அவர் சொன்னதெல்லாம் அவளுக்கு என் உதவி இல்லாமலே புரிந்தது. மூன்றாவது வாரம் அம்மையார் என்னிடம், "மெஸ்யோ, நீங்கள் வெளியே போய் ஒரு காப்பி குடிக்கலாமே" என்றார். போனேன். சார்செல்லில் என் மனைவி தனியாகப் போய்த் தனியாக வந்த முதல் இடம் அந்த யோகா வகுப்புதான். வாரம் இரண்டு வகுப்பு, மற்ற நாளில் வீட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அரை மணி, மதியம் பூங்காவில் நடை.

ஆறாவது வாரம் 142 வந்தது. மகள் அந்தச் சிறு கருவியை என் பேரனிடம் காட்டி, "பார்டா, பாட்டி பாஸ் பண்ணிட்டாங்க" என்றாள். பேரன் அப்போது முதல் வகுப்பு. அந்த நவம்பரிலிருந்து பள்ளிச் சாப்பாட்டில் வாரம் ஒரு நாள் சைவம் கட்டாயம் என்று சட்டம் வந்திருந்தது. "தாத்தா, இன்னைக்குக் கான்டீன்ல எல்லாருக்கும் பருப்பு" என்று வந்து சொன்னான். அதுவரை அவன் தட்டில் மட்டும்தான் வேறு சாப்பாடு.

பேத்தி பிறந்தது எங்கள் கணக்கில் 74-வது நாள். மீதி இருந்த 16 நாளும் மனைவி பூண்டுக் குழம்பும் பருப்புத் துவையலும் செய்து மகளுக்குப் போட்டாள். நின்றுகொண்டே செய்தாள். முழங்கால் ஒத்துழைத்தது.

பிறகு 2024-ல் பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில் ஷார்லோத் ஷோபேன் என்ற பிரெஞ்சு யோகா ஆசிரியையின் பெயரைப் பார்த்தோம். வயது 101. யோகா தொடங்கியதே 50 வயதுக்குப் பிறகுதானாம். மனைவி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அப்ப எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்றாள்.

ஆகவே, போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சர்க்கரை அளக்கும் கருவியைக் கைப்பெட்டியில் வையுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். போன முதல் வாரத்திலேயே மேரிக்குப் போய்ச் சங்கங்களின் புத்தகத்தை வாங்குங்கள். என்னென்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதைப் பிரெஞ்சில் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வரலாம். விசாப் படிவத்தோடு அதையும் சேர்த்து எழுதித் தருகிறேன்.